ஃப்ரைபுர்க்கில் டாக்டர் சொன்னது

நீதிபதி ஐயா, உங்கள் எழுத்தர் நல்ல வேகம். இருந்தாலும் நான் நிதானமாகவே பேசுகிறேன், பழக்கம் அப்படி. ஜெர்மனில் வினைச்சொல் பல நேரம் வாக்கியத்தின் கடைசியில்தான் வந்து உட்காரும். அது வரும்வரை அந்த வாக்கியத்துக்குள் இருக்கும் மனிதன் பிழைத்தானா, செத்தானா என்று சொல்ல முடியாது. அவசரப்பட்டு வாயைத் திறந்தால் தப்பாகிவிடும். அந்த மொழியைப் பிரெஞ்சில் மாற்றிச் சொல்லியே பாதி வயதைக் கழித்தவள் நான். அதனால் எனக்குக் காத்திருக்கத் தெரியும்.

பெயர் ஓடில் ரைஸ். ஊர் கொல்மார், பிரான்சின் கிழக்கு எல்லையில், போரின்போது ஜெர்மனி தன்னோடு சேர்த்துக்கொண்ட அல்சாஸில். நாற்பத்தேழு வயது. திருமணம் ஆகவில்லை. பாரிஸில் பெண்கள் பள்ளி ஒன்றில் ஜெர்மன் ஆசிரியை. போருக்குப் பிறகு அந்தப் பாடத்தை எடுக்கப் பிள்ளைகளே இல்லை. என் வகுப்பில் ஒரு மேசை நிறைந்தால் அது நல்ல வருடம். வீட்டில் அம்மாவோடு பேசியது ஜெர்மன், பள்ளியில் படித்தது பிரெஞ்சு. என் தம்பி மத்தியாஸை ஜெர்மன்காரர்கள் கட்டாயமாகப் பிடித்து, அவர்களுடைய உடுப்பை மாட்டி ரஷ்யாவுக்கு அனுப்பினார்கள். அங்கேயே செத்துப்போனான். பாரிஸில் ரொட்டிக் கடைக்காரி என் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு, "உங்க ஆளுங்க இங்க இருந்தப்ப ரொட்டிக்கு வரிசையில நின்னீங்களா, இல்ல நேரா உள்ள வந்துட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். நான் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் பின்னணி கேட்டீர்கள்.

எழுத்தாளர் முசியே காஸ்பார் வெர்லாக்கை நீங்கள் படித்திராவிட்டாலும் பெயரைக் கேட்டிருப்பீர்கள். துர்னஃபோர் தெருவில் நான்காவது மாடியில் அவர் வீடு. வியாழக்கிழமை மாலைகளில் அங்கே இளைஞர்கள் கூடுவார்கள். நாற்காலி போதாது, ஓவர்கோட்டை மடித்துத் தரையில் போட்டு உட்காருவார்கள். மலிவான சிவப்பு ஒயின் ஒரு பாட்டில் சுற்றிவரும். பேச்சு என்னவோ எப்போதும் ஒரே விஷயம்தான். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஜெர்மனியில் எழுதிய அந்தக் கருத்துமுதல்வாதிகளை நம் இலக்கியம் என்ன செய்வது?

வெர்லாக்குக்கு ஜெர்மன் தெரியாது. போரில் பிடிபட்டு ஐந்து வருடம் பொமரேனியாவில் ஜெர்மன் கைதி முகாமில் இருந்தவர்தான். "எழுந்திரு, வரிசையில நில்லு, வாய மூடு. அஞ்சு வருஷத்துல இந்த மூணத்தான் கத்துக்கிட்டேன். வேற ஒரு வார்த்தையும் காதுல ஏறக் கூடாதுன்னு வைராக்கியம். இத வச்சுக்கிட்டு தத்துவம் படிக்க முடியுமா, மத்மசேல்?" என்று முதல் நாளே சிரித்தார். அச்சில் இருந்த மொழிபெயர்ப்புகளில் அவருக்கு நம்பிக்கை இல்லை. மூலத்தை யாராவது வாயால் சொல்லிக் கேட்க வேண்டும் என்றார். பள்ளியில் யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். அப்படித்தான் போனேன். ஜன்னல் ஓரம் எனக்கென்று ஒரு முக்காலி. பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்வேன். அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காகச் சண்டை போடுவார்கள்.

ஒரு வியாழக்கிழமை நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் புத்தகங்கள் முழுக்க ஒரு வினைச்சொல் திரும்பத் திரும்ப வரும். தூக்குவது, இல்லாமல் செய்வது, பத்திரப்படுத்துவது என்று மூன்று பொருளும் அந்த ஒரே சொல்லுக்கு உண்டு. 'எடுப்பது' என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து எடுக்கலாம், பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம், நாளைக்கென்று எடுத்தும் வைக்கலாம். அவர்களில் தலையாய ஜெர்மன் பெரியவர் ஒருவருடைய தத்துவக் கட்டடமே இந்தச் சொல்லின் மேல்தான் நிற்கிறது. உலகத்தின் மகா ஆத்மா படிப்படியாக மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, எது அழிந்தாலும் அது வீணாவதில்லை, இன்னும் உயரமான ஒன்றுக்குள் பத்திரமாக இருக்கிறது என்பார் அவர். நான் இதை விளக்கியதும், பிரிட்டானியிலிருந்து வந்த மர்சியல் என்ற பையன் தரையிலிருந்து கையைத் தூக்கினான்.

"எங்க வீட்டு வேலைக்காரியும் அதேதான், மத்மசேல். வெள்ளி ஸ்பூனெல்லாம் எடுத்து வைக்கிறேன்னு சொல்லுவா. கடைசியில பாத்தா எடுத்துட்டுப் போயிருப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். வெர்லாக்கும் சிரித்தார். பிறகு சட்டென்று முகம் மாறியது.

"சிரிக்காதீங்கடா. அவன் சொன்னதுதான் என் கேள்வி. முகாம்ல எனக்குப் பக்கத்துப் படுக்கையில ஃபெரான்னு ஒருத்தன். லிமோஜ்ல தபால்காரன். ஜன்னி வந்து செத்தான். அந்த மகா ஆத்மா ஏறிப்போற மாடிப்படியில இவன் எத்தனாவது படி? எதுக்குள்ள பத்திரமா இருக்கான்? காட்டுங்க, பாக்கிறேன்."

வெர்லாக் வெறுங்கையை விரித்துக் காட்டினார்.

"எங்கயும் இல்ல. போனவன் போனவன்தான். தத்துவம் அதையும் கணக்குல சேத்து லாபம் காட்டும். இலக்கியம் அப்படிக் காட்டாது. நஷ்டத்த நஷ்டம்னே வச்சிருக்கும். அதுக்காகத்தான் எழுதுறோம். அதுக்கு மட்டுந்தான்."

அவருடைய சிந்தனை முழுக்க இவ்வளவுதான், ஐயா. எதையும் ஈடுகட்டாத இழப்பு என்று ஒன்று உண்டு. அதன் குரல்தான் எழுத்து. மற்ற புத்தகங்களெல்லாம் இதன் விரிவுரை. நான் முக்காலியில் உட்கார்ந்து மத்தியாஸை நினைத்துக்கொண்டேன். அவனுக்காக வருத்தப்படக்கூட இந்த நகரத்தில் எனக்கு உரிமை இல்லாமல் இருந்தது. எதிரியின் உடுப்பில் செத்தவன் அல்லவா. அன்றைக்கு அவனுக்கும் சேர்த்து ஒருவர் பேசிவிட்டார். ஒன்பது மணிக்கு எல்லோரும் கிளம்பி ஒன்றாக மது விடுதிக்குப் போனார்கள். நான் தெரு முனையில் அவர்களைப் பிரிந்து என் அறைக்குப் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவருக்குக் கண் மங்க ஆரம்பித்தது மூன்று வருடத்துக்கு முன்னால். பாரிஸில் வலது கண்ணில் அறுவை செய்தார்கள். அது கெட்டு, கண்ணே போய்விட்டது. இடது கண்ணிலும் திரை படர்ந்தது. அதை இனித் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் மனைவி முன்பே இறந்தவர். ஒரே மகள் சோலாஞ்ச் லியோனில், கணவன், இரண்டு குழந்தைகள். அவளால் இங்கே வந்து தங்க முடியாது. "அப்பாவுக்கு யாராவது துணைக்கு இருந்தா..." என்று அவள் என்னிடம் இழுத்தபோது, பள்ளி முடிந்ததும் நான் வருகிறேன் என்று நானே சொன்னேன். முதலில் வாரத்தில் மூன்று நாள். பிறகு எல்லா நாளும்.

செய்தித்தாள் வாசிப்பேன். கடிதங்களுக்குப் பதில் எழுதுவேன். சட்டைக் கைப் பித்தான் போட்டுவிடுவேன். வெள்ளிக்கிழமை மீனில் முள் எடுத்துக் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் என் கையைப் பிடித்துக்கொள்ள, முஃப்தார் தெருச் சந்தையில் நடப்போம். பாலாடைக்கட்டி விற்கிற அம்மாள் என்னை "மதாம் வெர்லாக்" என்று கூப்பிட்டாள். திருத்தவில்லை. கூட்டத்துக்கு நடுவில் ஒருவரைத் திருத்தினால் அவருக்குத்தானே சங்கடம்? கட்டடத்து வாசல்காரி மதாம் பூலேன் மட்டும் விடமாட்டாள். "என்ன மத்மசேல், தாடிக்காரருக்கு இன்னைக்கும் உங்க ஊரு புளிச்ச முட்டைக்கோசுதானா? கண்ணு போனது போதாதுன்னு நாக்கையும் எடுத்துடாதீங்க" என்பாள். அவளுக்கு என் மேல் வெறுப்பு இல்லை. மாடிப்படியில் அந்த மாதிரி யாராவது ஏதாவது சொல்லி எனக்கு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

ஜெர்மனியில் இருக்கும் ஃப்ரைபுர்க்குக்குப் போகலாம் என்று சொன்னது நான்தான். இதைத் தயவுசெய்து அழுத்தமாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மற்றவர்கள் கைவிட்ட கண்களை எடுத்துப் பார்க்கும் டாக்டர் ஹெல்விக் என்பவர் அங்கே இருக்கிறார் என்று கொல்மாரிலிருந்து என் சித்தி மகள் சொன்னாள். நாள் கேட்டு வாங்கியது நான், ரயில் டிக்கெட் எடுத்தது நான், மகளுக்கு எழுதியதும் நான். கெட்ட எண்ணம் இருக்கிறவள் இப்படியெல்லாம் அலைவாளா?

போன மார்ச் மாதம் கிழக்கு நிலையத்தில் ரயில் ஏறினோம். வெர்லாக் குழந்தையைப் போல உற்சாகமாக இருந்தார். ஹாம் வைத்த ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டே பேசினார்.

"கண்ணு வந்துட்டா முதல் வேலையா நானே ஜெர்மன் படிக்கப்போறேன், மத்மசேல். இந்த வயசுலயா அப்படின்னு சிரிக்காதீங்க."

"சிரிக்கல, முசியே."

"உங்களுக்கும் விடுதலை. எத்தனை வருஷமா உங்க சாயங்காலத்தையெல்லாம் தின்னுக்கிட்டிருக்கேன். உங்களுக்குன்னு ஒரு வாழ்க்கை இருக்கும்ல?"

"இருக்கு, முசியே" என்றேன்.

அவர் அன்பாகத்தான் சொன்னார். இதற்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் எல்லாவற்றையும் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன்.

டாக்டர் ஹெல்விக் பெரிய கைகளும் தணிந்த குரலும் கொண்ட மனிதர். பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. அறையை இருட்டாக்கி, நீண்ட நேரம் விளக்கைக் கண்ணுக்குள் அடித்துப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து பேசத் தொடங்கினார். பாரிஸில் செய்தது முறையான சிகிச்சைதான், வலது கண்ணுக்கு இனி எதுவும் இல்லை, ஆனால் இடது கண்ணில் பின்பகுதி ஆரோக்கியமாக இருக்கிறது, திரையை நீக்கினால், கொஞ்சம் ஆபத்து உண்டென்றாலும், வெளிச்சம் மட்டுமல்ல, அச்செழுத்தையும் இந்த மனிதரால் மறுபடியும். அங்கே ஒரு நொடி நிறுத்தினார். நான் காத்திருந்தேன். பிறகு வினைச்சொல் வந்தது. படிக்க முடியும்.

நான் வெர்லாக் பக்கம் திரும்பினேன். அவர் என் குரல் வரும் திசையில் முகத்தை நிமிர்த்தி வைத்திருந்தார். தாடியில் ரொட்டித் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாரிஸ்ல சொன்னதையேதான் இவரும் சொல்றார், முசியே" என்றேன். "செய்றதுக்கு ஒண்ணும் இல்லையாம். வருத்தப்படுறார்."

முன்கூட்டி யோசித்தது அல்ல. அந்த வாக்கியம் எவ்வளவு சரளமாக வந்தது என்பது எனக்கே வியப்பாக இருந்தது. நல்ல மொழிபெயர்ப்பு அப்படித்தான் வரும்.

வெர்லாக் நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு கையை நீட்டி, டாக்டரின் கையைத் தேடிப் பிடித்துக் குலுக்கினார். "அவர்கிட்ட சொல்லுங்க, மத்மசேல். உண்மைய மூடி மறைக்காம சொன்னதுக்கு ரொம்ப நன்றின்னு சொல்லுங்க."

அதை அப்படியே, ஒரு சொல் குறையாமல், ஜெர்மனில் சொன்னேன். டாக்டருக்கு மகிழ்ச்சி. "மருத்துவமனையில் எப்போது சேர்க்கலாம் என்று கேளுங்கள்" என்றார். யோசித்துச் சொல்கிறாராம் என்றேன். "ரொம்ப யோசிக்க வேண்டாம். குளிர்காலத்துக்கு முன் செய்துவிடுவது நல்லது" என்றார். சொல்கிறேன் என்றேன்.

திரும்பும் ரயிலில் ரைன் பாலம் தாண்டும்வரை வெர்லாக் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"அவர் நடுவுல 'வெளிச்சம்'னு ஒரு வார்த்தை சொன்ன மாதிரி இருந்துச்சே? முகாம்ல விளக்க அணைக்கச் சொல்லிக் கத்துவாங்க. அந்த வார்த்தை மட்டும் எப்படியோ காதுல ஏறிப்போச்சு."

"வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் வித்தியாசம் தெரியும், அதுக்கு மேல எதிர்பாக்க வேணாம்னு சொன்னார்."

"ஓ" என்றார். அதன் பிறகு கேட்கவில்லை.

ஏன் செய்தேன் என்று நீங்கள் மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். அவர் தன் வாழ்நாள் முழுக்க ஒரே ஒரு விஷயத்துக்காக வாதாடினார். ஈடாகாத இழப்பு உண்டு என்று. அப்படிப்பட்டவருக்கு, போன கண் திரும்பி வந்தால் என்ன ஆகும்? போனதெல்லாம் உயர்ந்த நிலையில் திரும்பக் கிடைக்கும் என்று அந்த ஜெர்மன் பெரியவர் சொன்னது சரி என்று ஆகிவிடும். குருடாயிருந்து மீண்டவர் எழுதுவது இன்னொரு மீட்சிக் கதையாகத்தான் இருக்கும். கடைகளில் அது ஏராளமாகக் கிடைக்கிறது. அவரை அவருடைய எதிரியின் கைக்குள் போகவிடாமல் பார்த்துக்கொண்டேன். அவருக்கே தெரிந்திருந்தால் இதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்.

நான் செய்தது சரிதான் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியதைப் படித்தவர்கள், அவர் எழுதியதிலேயே அதுதான் உச்சம் என்கிறார்கள். கோடை முழுக்க ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்தோம். அவர் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து பேசுவார், நான் முக்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொள்வேன். அந்தப் பக்கங்களில் ஒரு மனிதர் தன் மகளின் முகத்தை மறந்துகொண்டே வருகிறார். முதலில் புருவம், அடுத்து வாய். மறக்கிறோம் என்று தெரிந்தே மறக்கிறார். ஒரு நாள் நடுவில் நிறுத்திவிட்டு, அவர் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதார். அவர் முடிக்கும்வரை பேனாவை மூடாமல் இருந்தேன். அந்தப் பக்கம் உலகத்துக்குக் கிடைத்தது என்னால்.

வேலைக்கு அமைதி வேண்டும். ஆகவே வருகிறவர்களைக் குறைத்தேன். முசியே களைப்பாக இருக்கிறார் என்று வாசலிலேயே சொல்லி அனுப்புவேன். பெரும்பாலானவர்கள் இரண்டு முறைக்கு மேல் வரவில்லை. இளைஞர்களுக்குப் போக எத்தனையோ இடம். மர்சியல் மட்டும் விடாமல் வந்தான். ஒரு நாள் மாடிப்படியில் நின்றுகொண்டு, "சார், நான்தான் மர்சியல். ஒரே ஒரு நிமிஷம். ஆப்பிள் சாராயம் கொண்டுவந்திருக்கேன்" என்று கத்தினான். நான் வானொலியின் சத்தத்தைக் கூட்டினேன்.

"யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சே?" என்றார் வெர்லாக்.

"நாடகம் ஓடுது, முசியே."

ஜூனில் ஒரு நாள் கேட்டார். "மறைக்காம சொல்லுங்க, மத்மசேல். என் பேச்சு அவ்வளவு அலுத்துப்போச்சா? ஒருத்தன் கூட எட்டிப்பாக்கலையே."

"ஆத்துக்கு அந்தப் பக்கம் புதுசா ஒருத்தர் வந்திருக்கார், முசியே. இப்ப எல்லாரும் அங்கதான் போறாங்களாம்."

"ஆமாமா. நானும் அப்படித்தானே என் வாத்தியாருக்குச் செஞ்சேன்" என்று சிரித்தார். பிறகு, "இருந்தாலும் வியாழக்கிழமை நாற்காலியெல்லாம் போட்டு வச்சிருங்க. யாராவது வந்தா நிக்க வேணாம் பாருங்க" என்றார்.

போட்டேன். போடாமலே போட்டதாகச் சொல்லியிருக்கலாம், அவரால் பார்க்க முடியாதே. ஆனால் அப்படி ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் எல்லா நாற்காலிகளையும் இழுத்து வட்டமாகப் போட்டேன். அவர் தாடியைச் சீவிக்கொண்டு நடுவில் வந்து உட்காருவார். ஏழு மணிக்கு மேல், "போதும், எடுத்துருங்க" என்பார். எடுத்துவைப்பேன். பிறகு இருவரும் சூப் சாப்பிடுவோம். அந்த வீட்டில் நான் மிகவும் நிம்மதியாக இருந்தது அந்த வேளைகளில்தான்.

டாக்டர் கைவிரித்துவிட்டார் என்று மகளுக்கும் எழுதியிருந்தேன்; அவள் ஜூலையில் வருவதாக இருந்தது. குழந்தைகளின் சத்தம் அவருக்கு ஆகாது, வேலை கெடும் என்று நான் தொலைபேசியில் சொன்னேன். சோலாஞ்ச் புரிந்துகொண்டாள். அவளுக்கு வேலை, விடுமுறை கிடைக்கவில்லை என்று அவரிடம் சொன்னேன். அவரும் புரிந்துகொண்டார். இருவருமே நல்லவர்கள், எளிதில் புரிந்துகொள்வார்கள்.

அக்டோபரில், ஒரு புதன்கிழமை மாலை, தொலைபேசி அடித்தது. வெர்லாக் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். சோலாஞ்ச்.

"மத்மசேல், ஒரு அதிசயம் கேளுங்க. என் வீட்டுக்காரரோட ஆபீஸ்ல ஒருத்தருக்குக் கண்ணுல கோளாறு. ஃப்ரைபுர்க் போயிருக்கார், அதே டாக்டர்கிட்ட. அந்த டாக்டர் கேட்டாராம், 'பாரிஸ்லேருந்து தாடி வச்ச பேராசிரியர் ஒருத்தர் வந்தாரே, அறுவைக்கு ஏன் திரும்பி வரல'ன்னு. இன்னும் செய்யலாமாம். நல்லாவே தெரியுமாம்."

நான் உள்ளறைப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

"அப்பா வேணாம்னுட்டார், இல்லையா? எனக்குத் தெரியும் அவர் பிடிவாதம். முதல் கண்ணு போன பயம். உங்களையும் சொல்ல விடாம வாய அடைச்சிருப்பார். பாவம் நீங்க, எப்படித்தான் இத மனசுல வச்சுக்கிட்டு இருந்தீங்களோ."

"கஷ்டமாத்தான் இருந்தது, மதாம்."

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு அங்க இருப்பேன். நானே பேசுறேன். நீங்களும் என் பக்கம் நின்னு ரெண்டு வார்த்தை சொல்லணும். உங்க பேச்சத்தான் அவர் கேப்பார்."

அவளுக்கு என் மேல் துளியும் சந்தேகம் வரவில்லை, ஐயா. அந்தக் குரலில் இருந்த நன்றியை என்னால் இன்னும் கேட்க முடிகிறது.

மூன்று நாள் யோசித்தேன். அவள் வந்து பேசினால் அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால், அந்த ஆறு மாதமும், அந்தப் பக்கங்களும், என்னால் வந்த குருட்டுத்தனத்தில் பிறந்தவை என்று ஆகிவிடும். அவர் நம்பிய ஒரே ஆள் நான். ஒருவர் தன் கண்ணை இழப்பதைத் தாங்கலாம், தன் கண்ணாக இருந்தவரை இழப்பதைத் தாங்க முடியுமா? அவரை அந்த நிலைமைக்கு ஆளாக்க எனக்கு மனமில்லை. வேறு எந்த வழியும் எனக்குத் தோன்றவில்லை. ரயிலேறி எங்காவது போயிருக்கலாமே என்று உங்கள் எழுத்தர் முகம் சொல்கிறது. எங்கே போவது, யாரிடம் போவது?

ஞாயிற்றுக்கிழமை கோழி வறுத்தேன். நன்றாகச் சாப்பிட்டார். மகள் வருகிறாள் என்று அவருக்குத் தெரியாது. சாப்பாட்டுக்குப் பின் எலுமிச்சைப்பூக் கஷாயம் குடிப்பது அவர் வழக்கம். அவருடைய தூக்க மாத்திரைகள் சமையலறை அலமாரியில் இருந்தன, வைத்தியர் இரவுக்கு ஒன்று என்று எழுதிக்கொடுத்தவை. குப்பியில் இருந்த எல்லாவற்றையும் பொடித்துப் போட்டேன். தேன் நிறைய விட்டேன்.

"கசக்குதே" என்றார்.

"இந்த வருஷத்துப் பூ அப்படி, முசியே."

முழுக்கக் குடித்தார். எதையும் மீதி வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை, முகாமிலிருந்து வந்தது அது. நான் போர்வையை இழுத்து மூடிவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வெளியே நல்ல வெயில்.

நாலு மணிக்கு வாசல் மணி அடித்தது. அப்போது அவருக்கு மூச்சு இருந்தது, கரகரவென்று. சோலாஞ்ச் முதலில் மெதுவாக அடித்தாள், பிறகு விடாமல். "அப்பா, நான் வந்திருக்கேன்ப்பா" என்று கூப்பிட்டாள். பிறகு படியிறங்கிப் போய் மதாம் பூலேனிடம் சாவி வாங்கி வந்தாள். உள்தாழ்ப்பாள் போட்டிருந்ததால் சாவி உதவவில்லை. "மத்மசேல் ஓடில், உள்ள இருக்கீங்களா? என்னாச்சு? விளையாடாதீங்க, பொண்ணு அழுகுது" என்று பூலேன் கதவைத் தட்டினாள். ஞாயிற்றுக்கிழமை பூட்டுக்காரன் கிடைப்பது கஷ்டம். அவனைக் கூட்டிவருவதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது. அவன் கருவியை எடுத்தபோது நானே போய்த் தாழ்ப்பாளைத் திறந்தேன். கதவைக் கெடுப்பானேன்? வெர்லாக் அதற்குச் சற்று முன்னால்தான் இறந்திருந்தார். நாலு மணிக்கே கதவைத் திறந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று உங்கள் மருத்துவர் சொன்னதை வாசித்துக் காட்டினீர்கள். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

ஆக, ஆமாம். ஃப்ரைபுர்க்கில் தவறாகச் சொன்னது நான். மாத்திரை கலந்தது நான். மணி அடித்தபோது எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. சோலாஞ்ச் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அது அவசியமில்லை என்று அவளிடம் சொல்லுங்கள்.

அவர் கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று கேட்டீர்கள். சொன்னார். கஷாயம் குடித்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டு, என் கையைத் தடவியபடி சொன்னார். அதை நான் யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஆனால் இந்த வழக்கில் எனக்குச் சாதகமாக இருப்பது அது ஒன்றுதான், உங்களுக்கும் அது புரியும் என்று நம்புகிறேன்.

"நீங்க மட்டும் இல்லேன்னா, ஓடில், என் கதி என்ன ஆயிருக்கும்?" என்றார்.